எக்ஸ்ரேயில் தெரியாத வேலை

ரூட் கெனால் முடிந்ததும் நோயாளிக்குக் காட்ட எங்களிடம் இருப்பது ஒரே ஒரு எக்ஸ்ரே. வேர் நுனி வரை ஒரு வெள்ளைக் கோடு இறங்கியிருக்கும். அது இடைவெளி இல்லாமல், நுனிக்குச் சற்று முன்னால் நின்றிருந்தால் நோயாளிக்கும் திருப்தி, எங்களுக்கும் பெருமை. முதுகலை மாணவர்கள் அந்தப் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் காட்டுவார்கள். ஆனால் அந்தப் பல் பல வருஷம் நிற்குமா, இரண்டே வருஷத்தில் சீழ் பிடித்துத் திரும்பி வருமா என்பதைத் தீர்மானிப்பதில் அந்தக் கோட்டுக்குப் பங்கு குறைவு. மேலே போடும் கேப் சரியாக உட்கார்ந்ததா என்பதற்குப் பெரிய பங்கு உண்டு. அதைவிடப் பெரியது, கோட்டை நிரப்புவதற்கு முன்னால் அந்த வேருக்குள் என்ன திரவம் போனது, எவ்வளவு நேரம் இருந்தது, அசைந்ததா, சும்மா நின்றதா என்பது. அது எந்த எக்ஸ்ரேயிலும் விழாது.

ஈரோட்டுக்காரர்கள் கேள்வி கேட்கத் தயங்க மாட்டார்கள். மஞ்சள் மண்டி வைத்திருக்கும் ஒரு பெரியவர், பல்லைச் சுற்றி மாட்டியிருந்த ரப்பர் டேமைக் கழற்றி வாய் கொப்பளித்த கையோடு கேட்டார்: "ஏனுங்க டாக்டரம்மா, நரம்பை எடுத்தாச்சுன்னு அப்பவே சொன்னீங்க. அப்புறம் என்னத்துக்குங்க இவ்வளவு நேரம் தண்ணிய அடிச்சுட்டே இருந்தீங்க?" நியாயமான கேள்வி. காசு கொடுப்பவர் நேரத்துக்குக் கணக்குக் கேட்கிறார். நரம்பை எடுப்பது சில நிமிஷ வேலை. எடுக்க முடியாத மிச்சத்துக்குத்தான் அந்தத் 'தண்ணி'. அவரிடம் அப்போது சுருக்கமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

வேருக்குள் இருப்பது வழவழப்பான ஒற்றைக் குழாய் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். பாடப்புத்தகப் படமும் அப்படித்தான் இருக்கும். நூறு வருஷத்துக்கு முன்பே இதைப் பொய்யாக்கியவர் ஸூரிச்சைச் சேர்ந்த வால்டர் ஹெஸ். பிடுங்கிய பற்களுக்குள் ரப்பரைச் செலுத்திக் கெட்டியாக்கினார்; பிறகு பல்லை அமிலத்தில் கரைத்தார். உள்ளே இருந்த வெற்றிடத்தின் அச்சு மட்டும் மிஞ்சியது. அவர் வெளியிட்ட படங்களில் கிளைகளும், கிளைகளை இணைக்கும் தகடுகளும், நுனியில் பல வழிகளாகப் பிரியும் இழைகளும் இருந்தன. 1925ல் அது ஆங்கிலத்தில் வந்தபோது நம்ப மறுத்தவர்களும் உண்டு. அதே ஸூரிச்சில் 2001ல் பீட்டர்ஸும் அவருடைய சகாக்களும் மேல் கடைவாய்ப்பற்களை மைக்ரோ சி.டி.யில் வைத்துப் பார்த்தார்கள். வேருக்குள் சுரண்டும் ஃபைல் போடுவதற்கு முன் ஒரு படம், போட்ட பின் ஒரு படம். எந்த வகை ஃபைலைப் பயன்படுத்தினாலும் உள்சுவரில் 35 சதவீதமோ அதற்கு மேலோ ஃபைல் படாமலே இருந்தது. கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் புது ஃபைலோடு வந்து, "மேடம், இது சுவரை அப்படியே தழுவிக்கிட்டுப் போகும்" என்பார்கள். கேட்டுக்கொள்வேன். ஃபைல் வழி போடும் கருவி. சுத்தம் செய்வது திரவம். இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால் பாதித் தொழில் வந்த மாதிரி.

நான் படித்த காலத்தில், ஹைப்போ என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட்டையும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் மாற்றி மாற்றி விடுவோம். லூயி கிராஸ்மன் 1940களில் பரிந்துரைத்த முறை அது. இரண்டும் சந்தித்ததும் நுரை பொங்கும். பல்லின் வாயிலிருந்து வெள்ளையாகக் கொப்புளித்து வரும். பார்ப்பவர்களுக்கு அழுக்கெல்லாம் மேலே வந்துவிட்ட மாதிரி இருக்கும். உண்மையில் இரண்டு மருந்தும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கும். நுரைக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. ஆனாலும் அந்த நுரைக்கு ஒரு கவர்ச்சி இருந்தது. இன்றும் சில கிளினிக்குகளில் பெராக்ஸைடு பாட்டிலைப் பார்க்கிறேன். கண்ணுக்குத் தெரியாத வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது போலும்.

ஹைப்போ பல் மருத்துவத்துக்குப் போர்க்களத்திலிருந்து வந்தது. முதல் உலகப் போரில் அழுகும் காயங்களோடு சிப்பாய்கள் வந்து குவிந்தார்கள். பிரான்ஸின் கொம்பியேன் நகரத்து ராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய ஹென்றி டேக்கின் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் பல கிருமிநாசினிகளைச் சோதித்து, 1915ல் அரை சதவீத ஹைப்போகுளோரைட்டைக் கையில் எடுத்தார். கூட இருந்த அறுவை மருத்துவர் அலெக்ஸி கேரல், 1912ல் நோபல் பரிசு வாங்கியவர். அவர் காயத்துக்குள் ரப்பர் குழாய்களைப் பதித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புதுத் திரவம் உள்ளே போகும்படி ஏற்பாடு செய்தார். மருந்து உயிர்த்திசுவைத் தொட்ட சிறிது நேரத்திலேயே அதன் குளோரின் தீர்ந்துபோகும் என்பதால், புதுப்பித்துக்கொண்டே இருந்தால்தான் பலன். பல் மருத்துவர்கள் டேக்கினின் திரவத்தை எடுத்துக்கொண்டார்கள். கேரலின் குழாயை மறந்துவிட்டார்கள். எத்தனை சதவீதம் என்பதைப் பற்றி எங்கள் மாநாடுகளில் நடக்கும் சண்டையில் பாதி அளவாவது, எத்தனை தடவை மாற்றினோம் என்பதைப் பற்றி நடந்திருந்தால் நன்றாக இருக்கும்.

இந்த விஷயம் எனக்கு உறைத்தது ரூட் கெனால் செய்தபோது அல்ல. வேர் நுனி அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கிய பிறகு. ரூட் கெனால் செய்த பல்லின் நுனியில் சீழ் ஆறாமல் இருந்து, மேலிருந்து மறுபடி உள்ளே போக வழியில்லை என்றால், ஈறைத் திறந்து, எலும்பில் சிறு சன்னல் வைத்து, வேரின் நுனியில் 3 மில்லிமீட்டரை வெட்டி எடுக்கிறோம். நுனியில் கிளை பிரியும் வழிகளில் பெரும்பகுதி அந்த 3 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கிறது. முன்பெல்லாம் சாய்வாக, 45 டிகிரியில் வெட்டுவார்கள். டாக்டருக்குப் பார்க்க வசதி. இப்போது மைக்ரோஸ்கோப் இருப்பதால் வேருக்குக் குறுக்காக நேராக வெட்டுகிறோம். ரத்தத்தை நிறுத்தி, வெட்டிய முகத்தை உலர்த்தி, மெத்திலீன் ப்ளூவை ஒரு சொட்டுத் தடவிக் கழுவிவிட்டு, மைக்ரோஸ்கோப்பை 16 மடங்குக்கு ஏற்றி, 3 மில்லிமீட்டர் அகலக் குட்டிக் கண்ணாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

மேல் முதல் கடைவாய்ப்பல்லின் முன்பக்க வேர் ஒன்றைச் சொல்கிறேன். எக்ஸ்ரேயில் குற்றம் சொல்ல முடியாத வெள்ளைக் கோடு. வெட்டிய முகத்தைச் சுற்றி நீல வளையம் முழுசாக ஓடுகிறது. அது வேரைப் பிடித்திருக்கும் சவ்வு, வெட்டு சரியாக விழுந்ததற்கு அத்தாட்சி. நடுவில் இளஞ்சிவப்பாக, வேரை நிரப்பிய கட்டாபெர்ச்சா புள்ளி, நன்றாக அடைத்திருக்கிறது. அதிலிருந்து அண்ணம் பக்கமாக மயிரிழை போல ஒரு நீலக் கோடு புறப்பட்டு, ஒரு மில்லிமீட்டர் தாண்டி, பழுப்பேறிய இன்னொரு புள்ளியில் முடிகிறது. அந்த இரண்டாவது புள்ளியை யாரும் திறக்கவே இல்லை. நடுவில் ஓடும் கோட்டை நாங்கள் இஸ்துமஸ் என்போம். அல்ட்ராசானிக் முனையால் அதைத் திறந்தபோது சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி வந்தது. செத்த திசு, பல் தூள், கிருமி எல்லாம் கலந்தது. எங்கள் ஃபைல்களில் ஆகச் சிறியதன் முனை 0.06 மில்லிமீட்டர். அது நுழைந்தாலும் ஒரு புள்ளியில்தான் நுழையும். கோடு முழுவதையும் சுரண்டாது. அங்கே போயிருக்கக்கூடியது திரவம் மட்டும்தான். அது போகவில்லை, அல்லது போய் அசையாமல் நின்றுவிட்டது.

ஏதோ ஒரு பல்லின் விதி என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2005ல் நாயர் குழு வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். 16 கீழ்க் கடைவாய்ப்பற்களுக்கு ஒரே அமர்வில் ரூட் கெனால் செய்து, ஹைப்போவும் ஈ.டி.டி.ஏ.வும் விட்டுக் கழுவி, நிரப்பி, அப்போதே முன்பக்க வேரின் நுனியை அறுவை சிகிச்சையால் எடுத்து எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வரை கொண்டுபோனார்கள். 16ல் 14 பற்களில் கிருமி மிச்சம் இருந்தது. பெரும்பாலும் இஸ்துமஸிலும் பக்கக் கிளைகளிலும், படலமாக ஒட்டிக்கொண்டு. ஒழுங்காகச் செய்த சிகிச்சையின் நிலையே இது. மிச்சம் இருந்தாலும் பல பற்கள் ஆறிவிடுகின்றன என்பது உடம்பின் பெருந்தன்மை. நீரிழிவு கட்டுக்குள் இல்லாத நோயாளியிடம் அந்தப் பெருந்தன்மையை எதிர்பார்க்க முடியாது. எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்கள்தான் வரிசையில் பாதி.

அப்படியானால் திரவம் ஏன் போவதில்லை? முதல் காரணம் ஊசி. முன்பு 27 கேஜ் ஊசிதான் கிடைக்கும். வெளி விட்டம் 0.4 மில்லிமீட்டர். வளைந்த வேரில் பாதி தூரத்திலேயே சிக்கிக்கொள்ளும். 30 கேஜ் என்றால் 0.3 மில்லிமீட்டர்; வழியை 30 எண் ஃபைல் வரை அகலப்படுத்தியிருந்தால் நுனிக்கு 2 மில்லிமீட்டர் பக்கத்தில் போய்விடலாம். பக்கவாட்டில் துளை உள்ள ஊசியில் முனைக்கு அப்பால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வரைதான் திரவம் புதுப்பிக்கப்படுகிறது. அதற்குக் கீழே எவ்வளவு அழுத்தினாலும் பழைய திரவம் அப்படியே நிற்கும். ஆகவே ஊசி எங்கே நிற்கிறது என்பது பாட்டிலில் எழுதியிருக்கும் சதவீதத்தைவிட முக்கியம். ஊசியில் ரப்பர் ஸ்டாப்பர் போட்டு, ஸ்கேலில் அளந்து, பிறகே உள்ளே விட வேண்டும். பல டாக்டர்கள் ஃபைலுக்கு அளப்பார்கள், ஊசிக்கு அளக்க மாட்டார்கள்.

இரண்டாவது காரணம் காற்று. வேர் எலும்புக்குள் புதைந்திருப்பதால் அதன் அடிப்பக்கம் மூடிய மாதிரி. வாய் குறுகலான சீசாவை நீரில் கவிழ்த்தால் உள்ளே காற்று சிக்கிக்கொண்டு நீரை ஏற விடாது அல்லவா, அதுதான் இங்கேயும். கூடவே ஹைப்போ திசுவைக் கரைக்கும்போது வரும் வாயுவும் சேர்ந்து நுனியில் குமிழாக உட்கார்ந்துகொள்ளும். மேலே எத்தனை மில்லி விட்டாலும் குமிழுக்கு அடியில் நனையாது. இதைக் கலைக்கச் செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது: வழிக்குப் பொருந்தும் கட்டாபெர்ச்சா குச்சியை உள்ளே விட்டு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலும் கீழுமாக, நிமிஷத்துக்கு நூறு தடவை போல இறைக்க வேண்டும். கை வலிக்கும். புதிதாகச் சேரும் டாக்டர்கள் பத்துத் தடவை செய்துவிட்டு "முடிஞ்சுது மேடம்" என்பார்கள். அதற்காகவே மேஜை மேல் ஒரு சமையலறை டைமர் வைத்திருக்கிறேன்.

அல்ட்ராசானிக் வந்தபோது இந்த வேலை சுலபமானது. விநாடிக்கு 25,000 முதல் 30,000 தடவை அதிரும் மெல்லிய கம்பியைத் திரவத்துக்குள் பிடித்தால், அதைச் சுற்றி நுண் சுழல்கள் உண்டாகி, திரவம் இஸ்துமஸுக்குள்ளும் தள்ளப்படும். 20 விநாடி ஓட்டு, பழையதை எடுத்துப் புதிது விடு, மறுபடி ஓட்டு, மூன்று சுற்று. சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான்: கம்பி சுவரைத் தொடக் கூடாது. தொட்டால் அதிர்வு செத்துவிடும், சுவரில் பள்ளமும் விழும். சத்தத்திலேயே தெரிந்துவிடும், சுதந்திரமாக அதிரும்போது மெல்லிய ரீங்காரம், சுவரில் பட்டால் கரகரப்பு. வளைந்த வேரில் தொடாமல் பிடிப்பது எல்லோருக்கும் வருவதில்லை. எதிர் அழுத்தத்தில் இழுக்கும் எண்டோவேக் இன்னொரு வழி. அதன் நுண்குழாய் 0.32 மில்லிமீட்டர் தடிமன். நுனியில் லேசரால் போட்ட 12 துளைகள். திரவத்தை மேலே ஊற்றிக் கீழே உறிஞ்சுவதால் நுனிக்கு வெளியே தள்ளும் அபாயம் மிகக் குறைவு. அருமையான யோசனை, ஆனால் அந்தத் துளைகள் பல் தூளில் அடைத்துக்கொண்டால் அன்றைய பொறுமை அதோடு சரி. லேசர் பற்றியும் கேட்கிறார்கள். நன்றாக வேலை செய்கிறது. அதன் விலைக்கு எங்கள் ஊரில் இன்னொரு கிளினிக் திறந்துவிடலாம்.

மற்ற திரவங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஃபைல் உரசியதால் சுவரில் படியும் பூச்சை ஹைப்போ கரைக்காது. அதற்கு 17 சதவீத ஈ.டி.டி.ஏ. ஒரு நிமிஷம் போதும். பத்து நிமிஷம் விட்டால் பல்லையே அரிக்கும். இரண்டையும் கலந்தால் ஹைப்போவின் குளோரின் காணாமல் போகும். குளோர்ஹெக்ஸிடினும் ஹைப்போவும் சந்தித்தால் செங்கல் நிறத்தில் படிவு உண்டாகி வழியை அடைக்கும். ஆகவே நடுவில் சலைன். வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை: 2005ல் வந்த ஓர் ஆய்வில், 45 டிகிரிக்குச் சூடாக்கிய 1 சதவீத ஹைப்போ, 20 டிகிரியில் இருக்கும் 5.25 சதவீத ஹைப்போ அளவுக்கே பல்லின் திசுவைக் கரைத்தது. இதைப் படித்துவிட்டு, "சித்திரை மாசத்து ஈரோட்டு வெயிலே போதுமே" என்று சொன்ன நண்பர் உண்டு. விளையாட்டுக்குச் சரி, வெயிலிலும் வெளிச்சத்திலும் இருக்கும் ஹைப்போ பாட்டிலிலேயே வீரியம் இழந்துவிடும். பழுப்பு பாட்டிலில், குளிர்ந்த அலமாரியில், திறந்த தேதியை எழுதி வைக்க வேண்டும்.

ஹைப்போவுக்குப் பயப்படுவதும் வேண்டியதுதான். வேறோர் இடத்தில் மேல் முன்கடைவாய்ப்பல்லுக்குச் சிகிச்சை எடுத்த ஒரு பெண்மணியை அவருடைய தம்பி அழைத்து வந்தார். ஊசி வேரில் இறுகிக்கொண்டிருந்த நிலையில் யாரோ சிரிஞ்சை அழுத்தியிருக்கிறார்கள். திரவம் நுனியைத் தாண்டி முகத் திசுவுக்குள் போய்விட்டது. அந்த நொடியே உயிர் போகும் வலி, சில நிமிஷத்தில் கன்னம் வீக்கம், மறுநாள் கண்ணைச் சுற்றிக் கருநீலம். "அக்காவை யாரோ அடிச்சுட்டாங்கன்னு தெருவுல பேசறாங்கங்க" என்றார் தம்பி. முதல் நாள் குளிர் ஒத்தடம், பிறகு வெந்நீர் ஒத்தடம், வலி மாத்திரை, ஆன்டிபயாடிக் என்று கொடுத்து, தினமும் பார்த்துக்கொண்டதில் சில வாரங்களில் சரியானது. இப்படி ஒன்றைப் பார்த்த டாக்டர்கள் ஹைப்போவைத் தண்ணீராகக் கரைத்துவிடுவார்கள். வீரியத்தைக் குறைத்தால் சேதம் குறையும், உண்மைதான். ஆனால் பிழை நடந்த இடம் ஊசி. ஊசி தளர்வாக இருக்க வேண்டும். மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தாமல் ஆள்காட்டி விரலால் மெதுவாகத் தள்ள வேண்டும். சிரிஞ்சில் திருகிப் பூட்டும் ஊசிதான் வேண்டும், இல்லையென்றால் நடுவில் கழன்று தெறிக்கும். கல்யாணத்துக்குப் போகிற வழியில் பட்டுச்சேலையோடு வந்து நாற்காலியில் உட்காருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கை நடுங்கும். கழுத்து வரை பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, கண்ணாடி மாட்டி, பிறகே தொடங்குவேன்.

இனி அறுவை சிகிச்சைக்குள் கழுவுவது. இங்கே எல்லாமே தலைகீழ். ரூட் கெனாலில் ரப்பர் டேம் போட்டு, உலர்ந்த பல்லுக்குள், எலும்பைத் தொடாமல் ஹைப்போ விடுகிறோம். அறுவையில் எலும்பு திறந்து கிடக்கிறது, நாலா பக்கமும் ரத்தம் ஊறுகிறது, மேல் கடைவாய் என்றால் சைனஸின் சவ்வு வெங்காயத் தோல் கனத்தில் பக்கத்திலேயே இருக்கிறது. ஹைப்போவை அங்கே கொண்டுபோனால் கிருமியோடு எலும்பின் உயிரணுவும் சாகும். ஆற வேண்டியதே அதுதானே. ஆகவே பெரும்பாலும் கையில் இருப்பது சலைன் மட்டும். சலைனுக்குக் கிருமியைக் கொல்லும் திறன் கிடையாது, திசுவைக் கரைக்கவும் கரைக்காது. அது செய்யக்கூடியது ஒன்றுதான்: அடித்துக்கொண்டு போவது. எனவே இங்கே அசைவுதான் எல்லாம்.

வேர் நுனியில் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குழி எடுக்க அல்ட்ராசானிக் முனைகள் இருக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கேரி கார் கொண்டுவந்தவை. அதற்கு முன் சிறிய டிரில்லால் எடுத்த குழி வேரின் போக்கில் போகாது. பக்கவாட்டில் போய்ப் பல்லை ஓட்டை போடும். முனையை ஓட்டும்போது சலைன் அதன் மேலேயே விழுந்துகொண்டிருக்க வேண்டும், வறண்டால் வேர் சூடாகி விரிசல் விடும். குழி எடுத்து முடிந்ததும் எல்லோரும் அடைக்க அவசரப்படுவார்கள். நான் அங்கே நிறுத்தச் சொல்வேன். குட்டிக் கண்ணாடியைத் திருப்பி, குழியின் கன்னப் பக்கச் சுவரைப் பார்க்க வேண்டும். முனை உள்ளே போகும் கோணத்தால் அந்தச் சுவரில் மட்டும் பழைய கட்டாபெர்ச்சா இளஞ்சிவப்பாக ஈஷிக்கொண்டிருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது. அதன் மேல் எந்த உயர்ந்த மருந்தை அடைத்தாலும் அந்தப் பக்கம் கசியும்.

அதை எடுக்க 30 கேஜ் ஊசியின் கடைசி 3 மில்லிமீட்டரைக் கொக்கியாக வளைத்துக்கொள்வேன். அதற்கு முன், எலும்புக் குழியில் அட்ரினலின் தோய்த்த சின்னப் பஞ்சு உருண்டைகளை வைத்து ரத்தத்தை நிறுத்தியிருக்க வேண்டும்; எத்தனை வைத்தோம் என்று உதவியாளர் பெண் எண்ணிச் சொல்ல வேண்டும், எடுக்கும்போதும் எண்ண வேண்டும். ஊசியைக் குழியின் அடிவரை கொண்டுபோய், சலைனை அடியிலிருந்து வெளியே வரும்படி விட வேண்டும். மேலிருந்து பீய்ச்சினால் தூள் இன்னும் ஆழமாகப் போய் அடையும். நுண் உறிஞ்சி ஊசிக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பிறகு அல்ட்ராசானிக் முனையை மிகக் குறைந்த சக்தியில், எதையும் வெட்டாமல், சுவரைத் தொடாமல், சலைன் நிறைந்த குழிக்குள் 20 விநாடி பிடிப்பேன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெளிந்திருந்த சலைன் சட்டென்று கலங்கும். சுத்தமாகிவிட்டது என்று நினைத்த குழியிலிருந்து வந்த கலங்கல் அது. எடுத்துவிட்டு மறுபடி பிடித்தால் கலங்கல் குறையும். கலங்காத வரை விடுவதில்லை. ஈ.டி.டி.ஏ.வை நுண் பிரஷ்ஷில் தொட்டுச் சுவரில் மட்டும் ஒரு நிமிஷம் தடவி, சலைனால் எடுத்துவிடுவேன்.

உலர்த்துவதிலும் ஒரு கண்டிப்பு உண்டு. நாற்காலியோடு வரும் காற்றுக்குழாயைத் திறந்த ஈறுக்குள் ஊதவே கூடாது. காற்று திசுவுக்குள் புகுந்து முகம், கழுத்து வரை வீங்கிவிடும். அழுத்தத்தைக் குறைத்து மெல்லிய முனையில் விடும் ஸ்ட்ராப்கோ என்ற கருவி இருக்கிறது. இல்லாதவர்கள் பேப்பர் பாயின்ட்டை வெட்டிப் பயன்படுத்தலாம். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். அடைப்பதற்கு எம்.டி.ஏ. கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில் மஹ்மூத் தொராபிநெஜாத் 1993ல் அறிமுகப்படுத்தியது. ஈரத்திலேயே இறுகும் நல்ல குணம் அதற்கு. ஆனால் முழுசாக இறுக இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். அடைத்த பிறகு வழக்கம்போல சலைனைப் பீய்ச்சி எலும்புக் குழியைக் கழுவினால் எம்.டி.ஏ.வும் கரைந்து வந்துவிடும். ஆகவே எலும்புக் குழியைக் கழுவுவதெல்லாம் அடைப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்; அதன் பிறகு ஈரப் பஞ்சால் ஒற்றி எடுப்பதோடு சரி. இப்போது வரும் பயோசெராமிக் பசைகள் அவ்வளவு சீக்கிரம் கரைவதில்லை. கொஞ்சம் நிம்மதி.

பழைய முறை அறுவைக்கும் மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்யும் அறுவைக்கும் உள்ள வித்தியாசத்தை 2010ல் செட்ஸர் குழு பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டது: வெற்றி 59 சதவீதத்திலிருந்து 94 சதவீதம். மைக்ரோஸ்கோப், அல்ட்ராசானிக் முனை, நல்ல அடைப்பு மருந்து மூன்றுக்கும் சேர்த்துக் கிடைத்த மதிப்பெண் அது. கழுவியதற்கென்று தனியாக யாரும் போடவில்லை. பார்க்க முடிந்ததால் கழுவ முடிந்தது என்பது என் கணக்கு.

இருந்தாலும் அறுவைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, மேலிருந்து மறுபடி உள்ளே போக முடியுமா என்பதைத்தான். கேப்பைக் கழற்றி, பழைய அடைப்பை எடுத்து, ரப்பர் டேம் போட்டு ஹைப்போவை அதன் முழு பலத்தோடு விட முடிந்தால், பாதிப் பேருக்கு அறுவையே வேண்டியிருக்காது. வேண்டியிருப்பவர்களுக்கும் அறுவையில் சலைனை நம்பி நிற்க வேண்டியதில்லை. "ஒரேயடியா கீறி எடுத்துருங்களேன், எதுக்குங்க ரெண்டு வேலை" என்று சொல்லும் அவசரக்காரர்களிடம் இதைப் புரியவைக்கக் கொஞ்சம் தொண்டைத் தண்ணி வற்ற வேண்டும்.

வேருக்குள் நீளமான உலோக போஸ்ட் இறங்கியிருக்கும் பற்களில்தான் உண்மையான சிக்கல். கழற்றப் போனால் வேர் பிளக்கும். நுனியை வெட்டி 3 மில்லிமீட்டர் குழி எடுத்தாலும், அந்தக் குழிக்கும் போஸ்ட்டுக்கும் நடுவில் கழுவாத வேர் கொஞ்சம் மிஞ்சும். இதற்காக 6, 9 மில்லிமீட்டர் நீள முனைகளும் வந்துவிட்டன. மேல் முன்பற்களில் 6 மில்லிமீட்டர் முனை நன்றாக ஏறுகிறது. போஸ்ட்டின் அடியைத் தட்டும்போது கையில் தெரிகிறது. அவ்வளவு ஆழத்துக்குப் போன பிறகு வெறும் சலைன் போதுமா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஹைப்போவைப் பேப்பர் பாயின்ட்டில் தோய்த்து உள்ளே வைத்து எடுக்கலாம் என்பது ஒரு கட்சி. ரத்தம் முழுசாக நின்று, எலும்புக் குழியைப் பஞ்சால் மூடி, உறிஞ்சியை விடாமல் பிடிக்கும் உதவியாளர் இருந்தால் நானும் அப்படிச் செய்வதுண்டு. ரத்தம் ஊறிக்கொண்டிருந்தால் செய்வதில்லை. சலைனையே இன்னும் இரண்டு சுற்று அதிகமாக ஓட்டுகிறேன். கடைவாய்ப் பக்கம் 9 மில்லிமீட்டர் முனை திரும்ப இடமே இருப்பதில்லை, அதை நான் இன்னும் வாங்கவில்லை.